அரைகுறை சர்வைவல் கேம்: இப்போதே வாங்கலாமா, பொறுத்து வாங்கலாமா?

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தங்கச்சிமடம் என்று நம் கரையோரத்தில் கேம் ஆடுகிற பையன்கள் யாரிடம் பேசினாலும் இந்தக் குழப்பம் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில், உயிர் பிழைப்பதே ஆட்டமான 'சர்வைவல்' கேம் ஒன்று புதிதாக வந்திருக்கும். டிரெய்லர் ஆளை இழுக்கும். கீழே வந்து பார்த்தால் 'எர்லி ஆக்ஸஸ்' என்று ஒரு பெட்டி. கேம் இன்னும் முடியவில்லை என்று செய்தவர்களே சொல்லிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், மரம் வெட்டுவது, கோடாரி செய்வது, குடிசை போடுவது, ராத்திரி வருகிற ஜந்துவிடமிருந்து தப்பிப்பது என்று எல்லாமே எங்கேயோ ஆடியதாகவே தெரியும். வாங்குவதா, வேண்டாமா?

பெருநாளுக்குக் கிடைத்த காசு, லீவில் கடையில் நின்று சேர்த்த காசு, அண்ணன் கடலுக்குப் போய் வந்து கையில் கொடுத்த காசு என்று சேர்த்துத்தான் இங்கே ஒரு கேம் வாங்குகிறோம். பல வீடுகளில் துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த லேப்டாப் ஒன்றை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஆடுகிறார்கள். தப்பான கேமை வாங்கினால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் நஷ்டம். அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

வழிகள் நான்கு இருக்கின்றன. புதிதாக வந்ததைச் சூட்டோடு சூடாக வாங்குவது. அதே கேம் முழுதாக முடியும்வரை பொறுப்பது. எப்போதோ முடிந்துவிட்ட பழைய கேமை சேலில் எடுப்பது. கடைசியாக, வருடக்கணக்கில் எர்லி ஆக்ஸஸில் இருந்தாலும் இன்றைக்கே ஆட நிறைய வைத்திருக்கிற கேமை எடுப்பது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் நிலைமைக்கு மூன்றாவது வழிதான் முதல் இடம், அடுத்தது நான்காவது. முதல் வழி ஒரே ஒரு சூழ்நிலையில்தான் சரிப்படும்.

ஸ்டீம் இந்த எர்லி ஆக்ஸஸ் முறையை 2013 மார்ச்சில் தொடங்கியது. அந்த வருட டிசம்பரிலேயே ரஸ்ட், டேஸீ, செவன் டேஸ் டு டை என்று மூன்று சர்வைவல் கேம்கள் அதில் வந்துவிட்டன. ரஸ்ட் 2018 பிப்ரவரியில்தான் முழு கேம் ஆனது. டேஸீ அதே வருடம் டிசம்பரில். செவன் டேஸ் டு டை, முழு கேம் என்பதற்கு அடையாளமான 1.0 என்ற எண்ணைத் தொட 2024 ஜூலை ஆகிவிட்டது. அது வந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்த பையன், முடிந்தபோது காலேஜ் முடித்து விசாவுக்குக் காத்திருப்பான். பொறுப்பது என்றால் இவ்வளவு காலமும் பொறுக்க வேண்டியிருக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாரும் இப்படி இழுக்கவில்லை. கிரீன் ஹெல் 2018 ஆகஸ்டில் வந்து 2019 செப்டம்பரில் முடிந்தது. த ஃபாரஸ்ட் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய நான்கு வருடம். ஆனால் அதைச் செய்த எண்ட்நைட் கேம்ஸ் நிறுவனமே அடுத்துக் கொண்டுவந்த சன்ஸ் ஆஃப் த ஃபாரஸ்ட், 2023 பிப்ரவரியில் வந்து சரியாக ஒரே வருடத்தில் முழுதாக வந்துவிட்டது. அதனால் டிரெய்லர் பார்ப்பதற்கு முன்னால், அதைச் செய்தவர்கள் இதற்கு முன் எதைத் தொடங்கினார்கள், அதை முடித்தார்களா என்று பாருங்கள். கேம் பக்கத்தில் டெவலப்பர் பெயரைத் தொட்டால் அவர்களுடைய மற்ற கேம்களும் வந்துவிடும்.

அந்தப் பக்கத்திலேயே எர்லி ஆக்ஸஸ் கேள்வி-பதில் பகுதி ஒன்று இருக்கும். ஏன் எர்லி ஆக்ஸஸ், எவ்வளவு காலம் ஆகும், முழு கேம் எப்படி மாறுபடும், இப்போது என்ன நிலையில் இருக்கிறது, பிறகு விலை ஏறுமா என்று ஸ்டீம் கேட்கிற கேள்விகளுக்கு டெவலப்பர்களே பதில் எழுதுவார்கள். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. நான் முதலில் படிப்பது 'இப்போது என்ன நிலை' என்பதைத்தான். அதில் எத்தனை பகுதிகள் இருக்கின்றன, கதை எதுவரை போகிறது, எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். அங்கேயும் வரப்போவதைப் பற்றியே பேசியிருந்தால் நான் பக்கத்தை மூடிவிடுவேன். ஏலத்தில் கூடையில் இருக்கிற மீனுக்குத்தான் விலை கேட்கிறோம், நாளைக்கு வலையில் படப்போவதற்கு யாரும் காசு எண்ணி வைப்பதில்லை. இப்போதைய நிலையில் ஆட ஆசை இல்லை என்றால் காத்திருந்து பாருங்கள் என்று ஸ்டீமே ஒவ்வொரு எர்லி ஆக்ஸஸ் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறது. கூடவே கடைசி அப்டேட் எப்போது வந்தது என்றும் பார்க்க வேண்டும். 2025 தொடக்கத்திலிருந்து, நெடுநாள் அப்டேட் வராத கேம்களின் பக்கத்தில் ஸ்டீம் அதைத் தனியாகவே காட்டுகிறது.

சரி, முதலிலேயே வாங்குவதில் லாபமே இல்லையா? இருக்கிறது, விலை. ரஸ்ட் எர்லி ஆக்ஸஸில் 20 டாலருக்கு இருந்து, முடிந்தபோது 35 டாலர் ஆனது. ஆர்க்: சர்வைவல் எவால்வ்ட் 30 டாலராக இருந்து 2017-ல், முழு கேம் வருவதற்குச் சற்று முன்னால் 60 டாலருக்கு ஏறியது. முன்னால் வாங்கியவர்களுக்குப் பாதி விலை. ஆனால் இதே ஆர்க்கின் மீதிக் கதையையும் பாருங்கள். கேம் முடியாமல் இருக்கும்போதே 2016 செப்டம்பரில் ஸ்கார்ச்ட் எர்த் என்று காசு வாங்கும் கூடுதல் பாகத்தை விட்டார்கள். முதலில் வாங்கினதை முடிக்காமல் அடுத்ததற்குக் காசா என்று ஆடுபவர்கள் கொதித்தார்கள், அது நியாயமான கொதிப்பு. அப்புறம் 2020 ஜூனில் ஸ்டீமுக்குப் போட்டிக் கடையான எபிக் ஸ்டோரிலும், 2022 ஜூனில் ஸ்டீமிலும் ஆர்க்கைச் சில நாட்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். சப்னாட்டிக்காவும் அப்படித்தான். 2018 ஜனவரியில் முழுதாக வந்தது, அந்த வருட டிசம்பரிலேயே எபிக் ஸ்டோரில் இலவசம். எல்லா கேமுக்கும் இப்படி நடக்காது. ஆனால் 'இப்போது விட்டால் விலை ஏறிவிடும்' என்ற பயத்தில் அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இது போதும்.

அவசரத்துக்குப் பெரிய பாடம் த டே பிஃபோர். ஸ்டீமில் மிக அதிகம் பேர் விஷ்லிஸ்டில், அதாவது வாங்க நினைப்பவற்றின் பட்டியலில், போட்டுக் காத்திருந்த கேம்களில் அதுவும் ஒன்று. ஏராளமானோர் ஒரே திறந்த உலகில் ஆடும் ஜாம்பி சர்வைவல் என்று வருடக்கணக்கில் காட்டினார்கள். 2023 டிசம்பர் 7 அன்று வந்தது. காட்டியதற்கும் கொடுத்ததற்கும் சம்பந்தமில்லை. டிசம்பர் 11 அன்று, நான்கே நாளில், அதைச் செய்த ஃபன்டாஸ்டிக் ஸ்டூடியோ மூடப்படுவதாக அறிவித்தது. 2024 ஜனவரி 22-ல் சர்வரும் நின்றது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி வரும் என்று நம்பி வாங்க முடியாது. சில குழுக்களால் கேமை முடிக்க முடியாமலே போகலாம் என்று ஸ்டீமும் சொல்லித்தான் விற்கிறது.

ரீஃபண்ட் இருக்கிறதே என்று சொல்வார்கள். 2015 ஜூனிலிருந்து ஸ்டீமில் அந்த வசதி உண்டு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். நல்ல விதிதான், ஆனால் சர்வைவல் கேமுக்கு இது அவ்வளவாக உதவாது. இந்த வகைக் கேம்களில் முதல் இரண்டு மணி நேரம்தான் மிக நன்றாக இருக்கும். வெறுங்கையோடு இறங்குவீர்கள், முதல் கோடாரி செய்வீர்கள், முதல் தீ மூட்டுவீர்கள், முதல் ராத்திரியைத் தாண்டுவீர்கள். அரைகுறைக் கேமிலும் இந்தப் பகுதியைத்தான் நன்றாக மெருகேற்றி வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து மணி நேரம் போன பிறகுதான் வீடு கட்டியாயிற்று, சாப்பாடு இருக்கிறது, இனி என்ன செய்வது என்ற இடம் வரும். கேம் தீர்ந்துபோனது அங்கேதான் தெரியும். அதற்குள் ரீஃபண்ட் நேரம் கடந்திருக்கும். அதனால் இரண்டு மணி நேரத்தில் கேம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, நம் லேப்டாப்பில் ஓடுகிறதா, திணறுகிறதா, சேவ் ஒழுங்காக நிற்கிறதா, நண்பனோடு இணைந்தால் அறுந்துபோகிறதா என்று மட்டும் பாருங்கள். மெனுவில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் அந்த நேரமும் கணக்கில் சேரும் என்பது நினைவில் இருக்கட்டும். பத்து மணி நேரத்துக்குப் பிறகு எப்படி என்பதற்கு, ரிவ்யூவில் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படிக்க வேண்டும். ரிவ்யூ எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது கூடவே இருக்கும்.

அடுத்தது காப்பி விவகாரம். 'இது அதோட காப்பிதானே' என்று ஒரு கேமை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டேஸீயே ஆர்மா 2 என்ற ராணுவ கேமின்மேல் ஒருவர் தானாகச் செய்து சேர்த்த மாற்றமாகத்தான் ('மாட்' என்பார்கள்) 2012-ல் பிறந்தது. இந்த வகை முழுவதுமே ஒன்றைப் பார்த்து ஒன்று வளர்ந்ததுதான். மரம் வெட்டுவதும் பசி குறைவதும் எல்லாவற்றிலும் இருக்கத்தான் செய்யும். பார்க்க வேண்டியது, எடுத்துக்கொண்டதற்குமேல் இவர்கள் தாங்களாக என்ன சேர்த்தார்கள் என்பதை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தனுஷ்கோடியில் கடல் அலைக்கு எட்டுகிற தூரத்தில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அங்கே குடியிருக்கிறவர்கள் அந்த ஊற்றிலிருந்துதான் சிரட்டையால் மோந்து குடம் நிரப்புவார்கள். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும், அவசரமாக மோந்தால் கலங்கிவிடும். இதை வைத்து ஒருவர் சர்வைவல் கேம் செய்தால், அதில் மீதி எல்லாம் பழையதாக இருந்தாலும் நான் வாங்குவேன். எங்கே தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஆடுபவன் யோசிக்க வேண்டிய புதுச் சிக்கல் ஒன்று அதில் இருக்கிறது. பைன் மரத்துக்குப் பதில் பனைமரம் வைத்து, மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் வாங்கமாட்டேன். பனைமரத்தைப் பார்க்கிற சந்தோஷம் ஒரு நாள்தான் நிற்கும்.

பால்வேர்ல்டு இதில் சிக்கலான கேஸ். 2024 ஜனவரி 19-ல் வந்தது, மூன்றே நாளில் ஐம்பது லட்சம் பிரதி விற்றது. உயிரினங்களைப் பிடிப்பது ஒரு பக்கமிருந்து, கட்டுவதும் உயிர் பிழைப்பதும் இன்னொரு பக்கமிருந்து என்று பலதைச் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பிடித்த உயிரினமே நம் முகாமில் மரம் அறுக்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும், அடுப்பு மூட்டும் என்று வைத்தது ஆட்டத்தையே மாற்றிவிட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அதே சமயம், அந்த வருட செப்டம்பரில் நிண்டெண்டோவும் த போகிமான் கம்பெனியும் டோக்கியோவில் காப்புரிமை வழக்குப் போட்டன. அதன் பிறகு, உருண்டையை எறிந்து உயிரினத்தை வெளியே வரவழைக்கும் முறையையும், உயிரினத்தைப் பிடித்துக்கொண்டு பறக்கும் முறையையும் பால்வேர்ல்டைச் செய்த பாக்கெட்பேர் நிறுவனம் அப்டேட்டில் மாற்ற வேண்டி வந்தது. காசு கொடுத்தபோது இருந்த ஆட்டம் பிறகு அப்படியே இல்லை. மிக நெருக்கமாக ஒட்டிச் செய்த கேமில் இந்த ஆபத்தும் கூடவே வருகிறது. இன்னொன்று, இதே நிறுவனம் 2020 செப்டம்பரில் எர்லி ஆக்ஸஸில் விட்ட கிராஃப்டோபியா, பால்வேர்ல்டு வந்தபோதும் முடிந்திருக்கவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'முடியவில்லை' என்று சொல்லும்போது எது முடியவில்லை என்று கேட்க வேண்டும். கதை முடியவில்லை என்றால் வாங்காதீர்கள். கதையுள்ள சர்வைவல் கேமை முதல் தடவை ஆடுகிற அனுபவம் ஒருமுறைதான் கிடைக்கும், பாதிக் கதையோடு அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அடித்தளம் முடியவில்லை என்றால், அதாவது சேவ் அழிகிறது, சர்வர் அறுகிறது, நடக்கும்போதே தரைக்குள் விழுகிறோம் என்றால் பக்கத்திலேயே போக வேண்டாம். ஆட்டம் முழுதாக இருக்கிறது, இன்னும் சில இடங்களும் ஆயுதங்களும்தான் சேரப் போகின்றன என்றால் தாராளமாக வாங்கலாம். 1.0 என்ற எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. த லாங் டார்க் 2017 ஆகஸ்டில் முழு வெளியீடு என்று வந்தது, ஆனால் கதையின் முதல் இரண்டு பாகம்தான் அப்போது இருந்தது. மூன்றாவது 2019-லும் நான்காவது 2021-லும் வந்தன.

நம்மிடம் ஏற்கெனவே முடிந்த கேம்களே போதுமான அளவு இருக்கின்றன. கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது ராஃப்ட். 2018 மே மாதம் எர்லி ஆக்ஸஸில் வந்து, 2022 ஜூனில் கதையோடு முடிந்தது. நான்கு பலகை அளவு மிதவையில், கையில் ஒரு கொக்கியோடு நடுக்கடலில் தொடங்குவீர்கள். மிதந்து வருகிற பலகை, ஓலை, பிளாஸ்டிக்கைக் கொக்கி போட்டு இழுத்து மிதவையைப் பெரிதாக்க வேண்டும். கடல் தண்ணீரை அப்படியே குடித்தால் தாகம் கூடும், கோப்பையில் மோந்து காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். ஒரு சுறா விடாமல் சுற்றி வந்து மிதவையின் ஓரத்தைக் கடித்துப் பெயர்த்துக்கொண்டே இருக்கும். ஒருவன் கொக்கி போட, ஒருவன் சுறாவை ஈட்டியால் குத்த, ஒருவன் அடுப்பைப் பார்க்க என்று வேலை தானாகப் பிரிந்துவிடும். மண்டபம் பக்கம் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிற வீட்டுப் பையன்கள் இதை ஆடினால் மிதவையின் ஓரத்தை முதலில் பலப்படுத்துவார்கள். மற்றவர்கள் மாடி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

தனியாக ஆடுவதற்கு சப்னாட்டிக்கா. வேற்றுக் கிரகத்துக் கடலில் விழுந்து, மூச்சு தீருவதற்குள் முங்கி எழுந்து, மீனிலிருந்தே குடிதண்ணீர் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்குப் போக வேண்டும். ஆளைக் கொல்லும் துப்பாக்கி எதுவும் தரமாட்டார்கள். ராத்திரியில் ஆழத்திலிருந்து வருகிற சத்தத்தை ஹெட்போனில் கேட்டுவிட்டு மேலே ஏறிவிடாமல் இருப்பது கஷ்டம். எனக்குத் தெரிந்து கடலை இவ்வளவு மரியாதையோடு காட்டிய கேம் வேறு இல்லை. ஒரு எச்சரிக்கை: இதில் தானாக சேவ் ஆகாது. டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் இல்லாமல் ஆடுபவர்கள், கரண்ட் போவதற்குமுன் அடிக்கடி சேவ் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது வழியில் இரண்டு பெயர் சொல்வேன். வால்ஹெய்ம் 2021 பிப்ரவரி 2-ல் வந்தது, அப்போது அதைச் செய்தவர்கள் ஐந்து பேர். வந்தபோது சுமார் ஒரு ஜிபிதான் டவுன்லோடு. போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். பத்துப் பேர்வரை ஒரே உலகில் ஆடலாம். மிஸ்ட்லேண்ட்ஸ் என்ற புதுப் பகுதி 2022 டிசம்பரிலும் ஆஷ்லேண்ட்ஸ் என்ற இன்னொன்று 2024 மேயிலும் சேர்ந்தன, இடையில் நீண்ட காத்திருப்பு. ஆனால் வந்த நாளில் இருந்ததே பல வாரத்துக்குப் போதும். ப்ராஜெக்ட் ஸோம்பாய்டு 2013 நவம்பரிலிருந்து ஸ்டீமில் எர்லி ஆக்ஸஸாக இருக்கிறது. படம் பழைய பாணிதான். இருந்தும், பசி, காயம், சளி, சோர்வு என்று இவ்வளவு நுணுக்கமாக வைத்திருப்பது முழு கேம்களிலேயே அரிது. ஜாம்பி எத்தனை, தண்ணீர் எந்த நாளில் நிற்கும், கரண்ட் எப்போது போகும் என்று எல்லாவற்றையும் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

புதிதாக வந்த அரைகுறைக் கேமை உடனே வாங்குகிற அந்த ஒரே சூழ்நிலை எது? நான்கைந்து கூட்டாளிகள் ஒரே சமயத்தில் ஊரில் இருக்க வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். போட்டுக்குப் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள், பள்ளி காலேஜும் லீவு, வெளிநாட்டிலிருந்து வந்தவனும் சில சமயம் அமைந்துவிடுவான். அப்படிச் சேர்கிற நாட்கள் திரும்ப எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் உலகம் முழுக்க எல்லாரும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் கேமை நாமும் சேர்ந்து தடுமாறி ஆடுவது தனி அனுபவம்தான். பத்து நாளில் இது சலித்துவிட்டாலும் பரவாயில்லை என்று எல்லாரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் வாங்கலாம். ஒருவனுக்கு அந்தக் காசு வலிக்கும் என்றால் அவனை வற்புறுத்தக் கூடாது, அன்றைக்கு எல்லாருமே ராஃப்டுக்குப் போய்விடலாம்.

சேர்ந்து வாங்கும்போது யார் லேப்டாப்பில் உலகத்தை வைப்பது என்றும் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ராஃப்டில் உலகத்தைத் தொடங்கியவன் கம்ப்யூட்டரில்தான் சேவ் இருக்கும். அவன் வராத ராத்திரி மற்றவர்களுக்கும் ஆட்டம் கிடையாது. லீவு முடிந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ திரும்பப் போகிறவன் லேப்டாப்பில் வைத்தால் உலகமும் கப்பலேறிவிடும், ஊரில் தங்குகிறவன் தொடங்குவதே நல்லது. வாங்கும் நாளுக்கு வந்தால், ஸ்டீமின் கோடை சேல் ஜூன் கடைசியில் வரும். தடை முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய், கையில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பிக்கிற நேரமும் அதுதான். ராஃப்டையும் சப்னாட்டிக்காவையும் இப்போதே விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள், விலை இறங்கினால் மெயில் வரும், யூபிஐ-யிலேயே காசு கட்டிவிடலாம்.